பதவி மாறினால் மூளையும் மாறும்

கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில் வாழும் பர்ட்டோனி என்னும் சிக்லிட் மீன் இனத்தில் ஆண்கள் இரு தரப்பு. சில மட்டுமே எல்லை வகுத்து ஆள்பவை: பளிச்சென்ற நீலம் அல்லது மஞ்சள் உடல், முகத்தில் கண்ணை ஒட்டிக் கரும்பட்டை, எதிரிகளை விரட்டும் குணம். மற்றவை வெளிறிய நிறத்தில் பெண் மீன்களோடு கூட்டமாகத் திரியும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் ஃபெர்னால்டின் குழு, விளக்கு எரியுமுன் இருட்டிலேயே தொட்டியின் ஆதிக்க மீனை அகற்றியது. வெளிச்சம் வந்த சில நிமிடங்களில், அதுவரை அடங்கிக் கிடந்த மீனுக்கு நிறம் ஏறியது, பட்டை தெரிந்தது, அது மற்றவற்றை விரட்டத் தொடங்கியது. அதன் மூளையில் ஈஜிஆர்-1 என்ற மரபணுவின் செயல்பாடும் சட்டென உயர்ந்ததை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. அடுத்த சில நாட்களில், இனப்பெருக்கத்தை இயக்கும் ஜிஎன்ஆர்எச் நரம்பணுக்கள் பெரிதாகின்றன, விரைகளும் வளர்கின்றன. பெரிய மீனிடம் தோற்றாலோ நிறம் உடனே மங்கும். நரம்பணுக்கள் மெல்லச் சுருங்கும்.

ஆதிக்கம் வேறு, செல்வாக்கு வேறு. விளக்கின் நிறம் பார்த்து இரை தேடக் கூட்டத்துக்குக் கற்பிக்கும் சோதனையில், முரட்டு ஆதிக்க மீனைவிட அடங்கிய மீனையே மற்றவை விரைவாகப் பின்பற்றின. விரட்டுபவனிடமிருந்து விலகியே நிற்பதுதான் கூட்டத்தின் இயல்பு.