வாக்குரிமை வந்தது, காணி உறுதி எங்கே?

1947 பொதுத் தேர்தலில் நுவரெலியாவில் வென்று பாராளுமன்றம் போனார் சௌமியமூர்த்தி தொண்டமான். தகப்பன் கருப்பையா தமிழ்நாட்டிலிருந்து கூலியாளாக வந்து, கங்காணியாகி, கடைசியில் றம்பொடையில் வேவண்டன் தோட்டத்தையே வாங்கியவர். இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் அன்று ஏழு பேர் தெரிவானார்கள். தலவாக்கலையில் வென்ற கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளையும் அவர்களில் ஒருவர்.

அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன், இல்லையேல் பாட்டனும் பூட்டனும், இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். லயத்துச் சனத்திடம் அந்தக் காகிதம் ஏது? வாக்காளர் இடாப்பிலிருந்து பெயர்கள் போயின. 1952 தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவரும் தெரிவாகவில்லை. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. தோட்டத்துச் சனத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1977இல், மூன்று உறுப்பினர்களைக் கொண்ட நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியில் மூன்றாமவராக வென்ற தொண்டமான், மறு ஆண்டு அமைச்சரானார். நாடற்றவர் பிரச்சினைக்கு 1988லும் 2003லும் வந்த சட்டங்கள்தான் முடிவு கட்டின. 1999இல் அவர் கண்மூடியபோது, வாக்கு இழந்திருந்த மக்களின் வாக்குகளைத் தேடிப் பெரிய கட்சிகளே மலையேறிக்கொண்டிருந்தன.

இன்று நுவரெலியா மாவட்டத்தில் மலையகத் தமிழ் உறுப்பினர் தெரிவாவது அதிசயமில்லை. பெண்களுக்குத்தான் வழி பிந்தித் திறந்தது. மலையில் கூடை சுமந்து கொழுந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் 1984இல் கிடைத்தது. பாராளுமன்ற ஆசனத்துக்கு இன்னும் நாற்பது ஆண்டு ஆனது: 2024இல் நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையில் அம்பிகா சாமுவேலும் தெரிவானார்கள்.

மாறாததும் உண்டு. பல தோட்டங்களில் லயக் காம்பிராவுக்குத் தனி விலாசம் இல்லை. தபால் தோட்ட ஆபீசுக்கு வந்து, கைமாறிக் கைமாறி வீடு சேருகிறது. நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி கழிந்து வந்தால் பிள்ளையின் வேலை போச்சு. நாலு தலைமுறை குடியிருந்த இடமும் கம்பனி நிர்வாகத்தின் கையில்தான்.

ஏழு பேர்ச் காணி என்ற வாக்குறுதி மேடைக்கு மேடை கேட்கிறது. உறுதிப் பத்திரம் எத்தனை குடும்பத்தின் கையில் இருக்கிறது என்பதே இனி மலையக உறுப்பினரை எடைபோடும் கணக்கு.