மலைமேல் காத்திருக்கும் மின்சாரம்

காவிரியோடு வைத்துப் பார்த்தால் பைக்காரா சின்ன ஆறு. ஆனாலும் சென்னை மாகாணத்தின் முதல் பெரிய புனல் மின்நிலையம் 1932இல் ஓடத் தொடங்கியது பைக்காரா நீரில்தான். மேட்டூர் அணையடியில் மின்சாரம் எடுத்தது அதற்கு ஐந்தாண்டு கழித்து, 1937இல். நீலகிரி மேட்டிலிருந்து சிங்காரா மின்நிலையத்துக்கு நீர் சுமார் 3,000 அடி இறங்குகிறது. அந்த இறக்கத்தில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 450 லிட்டர் சொச்சம் போதும். மேட்டூரில் நீர் நூறு அடி விழுவதாக வைத்துக்கொண்டால், அதே ஒரு யூனிட்டுக்கு 13,500 லிட்டருக்கு மேல் வேண்டும். ஆற்றின் ஓட்டத்தை மட்டும் பார்த்து மின்சாரத்தைக் கணக்கிட்டால் அது பாதிக் கணக்குதான்; மீதி உயரத்தில் இருக்கிறது. உயரத்தில் தேக்கிய நீருக்கு இன்னொரு குணமும் உண்டு: கேட்கும்வரை அது காத்திருக்கும். எத்தனை யூனிட் தந்தது என்பதைவிட, எந்த நேரத்தில் தந்தது என்பதை வைத்தே புனல் மின்சாரத்தை மதிப்பிட வேண்டும் என்பது என் வாதம்.

மலைச்சரிவில் இறங்கும் எஃகுக் குழாய்களின் அடியில் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் 90 மடங்கு. குழாய் முனையிலுள்ள நாசிலிலிருந்து பீய்ச்சியடிக்கும் நீர் மணிக்கு 450 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும். அதை வாங்கிக்கொள்வது பெல்டன் சக்கரம். அமெரிக்காவில் லெஸ்டர் பெல்டன் 1880இல் காப்புரிமை பெற்றது. சக்கர விளிம்பைச் சுற்றிலும் கிண்ணங்கள். ஒவ்வொன்றும் இரண்டு கரண்டிகளைப் பக்கவாட்டில் ஒட்டியதுபோல, நடுவில் கூரான வரப்போடு இருக்கும். வரப்பில் மோதும் நீர் இரண்டாகப் பிரிந்து, குழிகளில் வளைந்து, வந்த திசைக்கே திரும்புகிறது. நீர் வரும் வேகத்தில் ஏறக்குறைய பாதி வேகத்தில் விளிம்பைச் சுழலவிடுவதில்தான் சூட்சுமம். அப்போது நீர் தன் வேகத்தையெல்லாம் சக்கரத்திடம் விட்டுவிட்டுச் சொத்தென்று கீழே விழும். சக்கரத்தோடு சேர்ந்து ஜெனரேட்டரின் மின்காந்தங்கள் சுழல, சுற்றியுள்ள செப்புக் கம்பிச் சுருள்களில் மின்சாரம் பிறக்கிறது. நாசிலுக்குள் முன்னும் பின்னும் நகரும் ஊசி ஒன்று நீரைக் கூட்டிக் குறைக்கும். அவசரத்தில் அதைச் சட்டென்று மூட முடியாது; ஓடிவரும் நீர் முட்டிக் குழாயையே பிளந்துவிடும். ஆகவே முதலில் ஒரு தகடு குறுக்கே வந்து நீர்த்தாரையைச் சக்கரத்திலிருந்து விலக்கும். ஊசி பிறகு நிதானமாக மூடும். உயரம் குறைந்து நீர் மிகுந்த மேட்டூர் போன்ற இடங்களுக்கு, நீரில் முழுகியபடி சுழலும் பிரான்சிஸ் டர்பைன்.

நீரை இப்படிக் கூட்டிக் குறைக்க முடிவதன் அருமை 2020 ஏப்ரல் 5 இரவு தெரிந்தது. பொதுமுடக்கக் காலத்தில், பிரதமரின் வேண்டுகோளை ஏற்று 9 மணிக்கு ஒன்பது நிமிடம் நாடெங்கும் விளக்குகளை அணைத்தார்கள். அரை மணி நேரத்துக்குள் சுமார் 31,000 மெகாவாட் தேவை சரிந்தது. தேவை சரியும்போது உற்பத்தியும் அதே வேகத்தில் இறங்காவிட்டால் மின்தொகுப்பின் அலைவெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து எகிறி, நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். அன்று பெரும் பாரத்தைச் சுமந்தவை புனல் மின்நிலையங்களே; 17,000 மெகாவாட்டுக்கு மேல் உற்பத்தியைக் குறைத்து, விளக்குகள் எரிந்ததும் மறுபடி ஏற்றிக் கொடுத்தன. குளிர்ந்து கிடக்கும் நிலக்கரிக் கொதிகலனைச் சூடேற்றி ஓட்ட மணிக்கணக்காகும். புனல் நிலையத்துக்குச் சில நிமிடங்கள் போதும்.

மழை பொய்த்தால் இந்த வாதமும் வறண்டுவிடாதா என்று கேட்கலாம். வறளும்தான். மேட்டூர் மதகு வழக்கமாக ஜூன் 12இல் திறப்பது குறுவைக்காக, விளக்குக்காக அல்ல. அந்த வரிசை மாறவும் கூடாது. ஆனால் மின்நிலையம் நீரைக் குடித்துவிடுவதில்லை. நீலகிரியின் குந்தா நிலையத்தில் வேலை முடித்த நீர் கெத்தை, பரளி, பில்லூர் என்று அடுத்தடுத்த நிலையங்களில் மின்சாரம் தந்துவிட்டு, பவானிசாகர் போய்ப் பாசனத்துக்கும் உதவுகிறது. மழையை நம்பியே இருக்க வேண்டாம் என்பதைக் காடம்பாறை காட்டுகிறது. ஆனைமலையில் 1980களின் இறுதியில் வந்த அந்த 400 மெகாவாட் நிலையத்தில், மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாறு நீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்குகிறார்கள். ஏற்றச் செலவழித்த நூறு யூனிட்டில் முக்கால் பங்கு போலத்தான் திரும்பும். நட்டக் கணக்கு என்பவர்கள், வாங்க ஆளில்லாத நண்பகல் சூரிய மின்சாரத்துக்கும் மாலை ஏழு மணி மின்சாரத்துக்கும் ஒரே விலை போடுகிறார்கள். 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை வைத்திருக்கும் மாநிலத்தில், ஆடிக் காற்று நினைத்த நேரத்தில் நின்றுபோகும் என்பதையும் மறக்கிறார்கள்.

கனமான ஆட்சேபம் காடுகளைப் பற்றியது. அணைகள் சோலைகளையும் புல்வெளிகளையும் விழுங்கியிருக்கின்றன. வண்டல் சேர்ந்து கொள்ளளவும் குறைகிறது. நிலையத்தை நினைத்தபோது ஓட்டி நிறுத்தினால், கீழே ஆற்றில் இறங்குபவர்களுக்குத் திடீர் வெள்ளம் ஆபத்து. இதற்கெல்லாம் என்னிடம் மறுப்பில்லை. புதிய பள்ளத்தாக்கை மூழ்கடிக்கச் சொல்லி இந்த வாதத்தை யாரும் பயன்படுத்த முடியாது. இருக்கும் இரண்டு நீர்த்தேக்கங்களை இணைக்கும் 500 மெகாவாட் குந்தா நீரேற்றுத் திட்டம் போன்றவை அந்த வகையில் ஏற்கத்தக்கவை. ஆனால் மண்சரிவுக்குப் பேர்போன மலையைக் குடைந்துதான் அதையும் கட்ட வேண்டியிருக்கிறது. பழைய அணைகளைத் தூர்வாரி, பழைய டர்பைன்களை மாற்றினால் எவ்வளவு கிடைக்கும் என்று முதலில் கணக்கெடுத்துவிட்டு, அதற்குப் பிறகு அடுத்த சுரங்கத்துக்கு வெடி வைக்கலாம்.