பின்வண்டியின் பிரேக் பிடிக்காதபோது

அமெரிக்காவில் காரின் பின்னே வீட்டுவண்டியைப் பூட்டி நெடும்பிரயாணம் செய்வோர், பிரேக்கை மிதித்ததும் பின்வண்டி தன் பாரம் முழுவதையும் கொண்டு காரை முன்னே உந்துவதை உணர்ந்தால், சக்கரங்களைக் கழற்றுமுன் மின்கம்பிகளையே முதலில் சந்தேகிக்க வேண்டும். ஏனெனில், அத்தகைய வண்டிகளில் பெரும்பாலானவற்றில், 12 வோல்ட் மின்சாரத்தால் சக்தி பெற்று, சுழலும் டிரம்மின் முகத்தில் ஒட்டிக்கொண்டு, ஒரு நெம்புகோலை இழுத்து பிரேக் ஷூக்களை விரியச் செய்வது ஒரு காந்தமே. 7 முனைப் பிளக்கில் படிந்த பச்சைக் களிம்போ துருவேறிய எர்த் இணைப்போ அந்த மின்சாரத்தை நடுவழியிலேயே தடுத்துவிடும். இவற்றுள் எர்த் கம்பியைப் பலரும் அலட்சியம் செய்வது எனக்குப் பெரும் விசாரத்தைத் தருகிறது.

வண்டியை நிறுத்திப் பிளக்கைக் கழற்றிவிட்டு, பின்வண்டி அறுந்து பிரிய நேர்ந்தால் தானே பிரேக் பிடிப்பதற்கென அமைந்த அவசர ஸ்விட்சின் ஊசியை உருவிப் பார்க்கலாம்: பின்வண்டியின் சொந்த பாட்டரியால் சக்கரங்கள் இறுகினால் காந்தங்கள் க்ஷேமம், கோளாறு பிளக்கிலோ, டிரைவரருகே உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியிலோ, இடைப்பட்ட கம்பியிலோதான். இறுகாவிடில், முதலில் அந்த பாட்டரியையும், பிறகு ஒவ்வொரு காந்தமும் ஏறக்குறைய 3 ஆம்பியர் ஏற்கிறதா என்பதையும் பரிசோதிக்க வேண்டும்.