எபிரேய மொழியில் ஒரு பேராலய இசை: பெர்ன்ஸ்டைனின் ‘சிச்செஸ்டர் சங்கீதங்கள்’

சமயப் பாடல் ஒன்று புதிய இசையுருப் பெறும்போது அதன் மூலமொழியைப் பேணுவதா, கேட்போர் அறிந்த மொழிக்கு மாற்றுவதா என்னும் வினா எழுகிறது. இவ்வினாவுக்கு விடையாக அமைந்த ஒரு சேர்ந்திசைப் படைப்பை இக்கட்டுரையில் நோக்குவோம்.

அமெரிக்க யூத இசையமைப்பாளர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் (1918–1990) இயற்றியது ‘சிச்செஸ்டர் சங்கீதங்கள்’. இங்கிலாந்தின் சிச்செஸ்டர் பேராலயத் தலைமைக் குரு வால்டர் ஹஸ்ஸி, 1965ஆம் ஆண்டின் தென்பகுதிப் பேராலயங்கள் விழாவிற்காக இதனை இயற்றித் தருமாறு வேண்டினார். ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ இசைநாடகத்தின் சாயல் இருப்பினும் மகிழ்வோம் என்றும் அவர் குறிப்பிட்டிருந்தார். 1965 ஜூலை 15ஆம் நாள் நியூயார்க்கில் அரங்கேறிய இப்படைப்பு, அம்மாத இறுதியில் சிச்செஸ்டரில் ஒலித்தது.

யூதர் பேரழிவுக்குள்ளான இரண்டாம் உலகப்போர் முடிந்து இருபது ஆண்டுகளே கடந்திருந்த வேளையில், ஆங்கிலிக்கப் பேராலயத்தில் சங்கீதங்கள் எபிரேயத்திலேயே பாடப்பெற்றமை கருதத்தக்கது. இவை இரு சமயத்தார்க்கும் பொதுவான மறைநூற் பகுதிகள். எனினும் அவற்றின் பிறப்பிடம் யூத மரபே. அவ்வுண்மையை மொழியே உணர்த்துகிறது.

படைப்பு மூன்று பகுதிகளைக் கொண்டது. 108ஆம் சங்கீதத்தின் ஒரு வசனத்தோடு தொடங்கும் முதற்பகுதி, 100ஆம் சங்கீதத்தை ஏழு எண்ணிக்கை கொண்ட தாளத்தில் களிப்புடன் இசைக்கிறது.

இரண்டாம் பகுதியிலேயே படைப்பின் உயிர்நிலை உள்ளது. யாழ் போன்ற ஹார்ப் இசை துணைசெய்ய, இறைவனை மேய்ப்பனாகப் போற்றும் 23ஆம் சங்கீதத்தை ஒரு சிறுவன் பாடுகிறான். தாவீது அரசனின் இளமையை இக்குரல் நினைவூட்டுகிறது. திடீரென ஆண்குரல்கள், நாடுகளின் கொந்தளிப்பைக் கூறும் 2ஆம் சங்கீதத்துடன் குறுக்கிடுகின்றன. ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’க்கென எழுதிக் கைவிடப்பட்ட இசையே இங்குப் பயன்பட்டுள்ளது. பின்னர் அமைதிப்பாடல் மீண்டும் எழுகிறது. ஆயினும் அச்சுறுத்தல் அடியில் தொடர்கிறது. ஒன்று மற்றொன்றை வென்றுவிடவில்லை என்பதை நாம் கருத்திற்கொள்ள வேண்டும்.

மூன்றாம் பகுதி முரணொலி மிக்க நரம்பிசையுடன் தொடங்கி, செருக்கின்மையைப் பேசும் 131ஆம் சங்கீதத்திற்குச் செல்கிறது. இறுதியில் 133ஆம் சங்கீதத்தின் முதல் வசனம், உடன்பிறந்தார் ஒருமித்து வாழ்வதன் இனிமையை உரைக்கிறது. முதற்பகுதியின் தொடக்க இசை இங்கு மென்மையாகத் திரும்புகிறது. ஆரவாரத்தோடு தொடங்கிய வேண்டுதல் அடங்கிய குரலில் நிறைவெய்துகிறது.

இதனால் நாம் பெறும் தெளிவு ஒன்றுண்டு. மூலமொழியைப் பேணுதல் பிறரை விலக்குதல் ஆகாது. சொற்பொருளை விளக்கும் மொழிபெயர்ப்பு அருகிருந்தால், சொல்லின் ஓசையும் தாளமும் பிற மரபினரையும் சென்றடையும். செய்யுளைப் பொருளுரைத்தும் ஓசையோடு படித்தும் கற்பிக்கும் மொழியாசிரியர்க்கு இவ்வுண்மை புதிதன்று. அதற்கு வேற்று மரபிலிருந்து வலுவான சான்று இதுவாகும்.