அம்மாவின் வியாழக்கிழமை

"அம்மா, இங்க பாரேன்!"

ஒரு நாளைக்கு எத்தனை முறை இந்தக் குரல் ஒரு வீட்டில் கேட்கிறது என்று யாரும் எண்ணியதில்லை. கிறுக்கிய படத்தைக் காட்ட, முட்டியில் பட்ட சிராய்ப்பைக் காட்ட, சுவரில் ஊரும் எறும்பு வரிசையைக் காட்ட, குழந்தை கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. அடுப்பில் குக்கர் விசில் அடிக்கிறது. கையில் செல்போன், மனசில் மாதக் கடைசிக் கவலை. "ம்... பார்த்தேன்டா, சூப்பரா இருக்கு" என்று தலை திரும்பாமலே பதில் வருகிறது. அம்மா பார்க்கவில்லை என்பது குழந்தைக்குத் தெரியும்.

பாசம் இல்லாமல் இல்லை, நேரம்தான் இல்லை என்பது இன்றைய பெற்றோரின் ஏக்கம். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஒரு தாய்க்கும் இதே பிரச்னை இருந்தது. அவர் கண்ட வழிக்கும் நம்ம ஊர் தரங்கம்பாடிக்கும் ஒரு தொடர்பு உண்டு.

வறுமையும் தீயும்

அந்தத் தாயின் பெயர் சூசன்னா வெஸ்லி. 1669-ல் லண்டனில் பிறந்தவர். கணவர் சாமுவேல் வெஸ்லி, லிங்கன்ஷயர் பகுதியில் எப்வொர்த் என்ற சிற்றூரின் குருவானவர். இந்தத் தம்பதிக்குப் பிறந்த குழந்தைகள் பத்தொன்பது என்பார்கள். பிழைத்து வளர்ந்தவர்கள் பத்துப் பேர். மற்ற குழந்தைகளையெல்லாம் அந்தத் தாய் கல்லறைக்குக் கொடுத்துவிட்டார்.

வருமானம் போதவில்லை. 1705-ல் கடனைக் கட்ட முடியாமல் சாமுவேல் சிறைக்கே போனார். 1709 பிப்ரவரியில் ஓர் இரவு வீடு தீப்பிடித்து எரிந்தது. ஐந்து வயது ஜான் மட்டும் மாடியில் சிக்கிக்கொண்டான். ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி, ஜன்னல் வழியாக அவனைத் தூக்கி இறக்கினார்கள். பிள்ளைகள் பத்திரமாகத் தப்பினாலும், வீடு மறுபடி எழும்பும் வரை ஆளுக்கொரு வீட்டில் தங்க வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது அவர்களின் பேச்சும் பழக்கமும் மாறிப்போயிருந்ததைப் பார்த்து சூசன்னா வருந்தினார்.

தரங்கம்பாடியிலிருந்து வந்த செய்தி

1711-12 குளிர்காலம். திருச்சபைப் பேரவைக்காக சாமுவேல் லண்டன் போயிருந்தார். அப்போது மூத்த மகள் எமிலி, அப்பாவின் படிப்பறையில் ஒரு புத்தகத்தைக் கண்டெடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். தரங்கம்பாடிக்கு டென்மார்க் அரசர் அனுப்பிய மிஷனரிகளின் கடிதங்கள், ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தன.

அந்த மிஷனரிகளில் ஒருவர் சீகன்பால்கு. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்குத் தமிழ் தெரியாது. திண்ணைப் பள்ளிக் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் 'அ, ஆ' எழுதிப் பழகினார். சில ஆண்டுகளில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் தந்தவர் அவர்தான்.

அந்தப் புத்தகம் சூசன்னாவை உலுக்கியது. தான் ஆணும் அல்ல, குருவும் அல்ல, கடல் கடந்து போய் ஊழியம் செய்ய வழியில்லை. ஆனால் இப்போது செய்வதைவிடக் கொஞ்சம் அதிகமாகச் செய்யலாமே என்று யோசித்தார். எங்கே தொடங்குவது? தன் பிள்ளைகளிடமே தொடங்கினார்.

ஒவ்வொரு இரவும் ஒரு பிள்ளையுடன் தனியாக உட்கார்ந்து பேசுவது என்று முடிவெடுத்து, 1712 பிப்ரவரியில் கணவருக்குக் கடிதமும் எழுதினார். திங்கள் மோலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜாக்கி என்கிற ஜான், வெள்ளி பாட்டி, சனி சார்லஸ். ஞாயிறு எமிலிக்கும் சூக்கிக்கும் சேர்த்து.

வாரத்தின் முதல் நாளைப் பெற்ற மோலி, கைக்குழந்தையாக இருந்தபோது நேர்ந்த விபத்தில் கால் ஊனமானவள். சனிக்கிழமைக்காரன் சார்லஸுக்கு அப்போது நான்கு வயதுதான். நான்கு வயதுப் பிள்ளையிடம் தனியாகப் பேச என்ன இருக்கிறது என்று அந்தத் தாய் நினைக்கவில்லை.

இருபது ஆண்டு கழித்து

எட்டு வயது ஜாக்கி வளர்ந்து ஆக்ஸ்போர்டில் ஆசிரியரானார். பிற்காலத்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அவர்தான். சார்லஸ் ஆயிரக்கணக்கான ஞானப்பாட்டுகளை எழுதினார்.

1732-ல் ஜானுக்கு வயது 28. அந்த ஆண்டு அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் அவர் ஓர் உதவி கேட்டார். சிறுவயதில் வியாழக்கிழமை மாலைகளில் தனக்கென ஒதுக்கிய அந்தச் சிறு பொழுதை, இப்போதும் தனக்காகத் தர முடியுமா என்பதே அது. அம்மா நடத்திய பாடமும் போட்ட சட்டமும் எத்தனையோ இருந்தும், மகனின் நெஞ்சில் நின்றது அந்த வியாழக்கிழமைதான்.

ஏற்க வேண்டியதும், விட வேண்டியதும்

சூசன்னா செய்த எல்லாவற்றையும் அப்படியே பின்பற்ற முடியாது. குழந்தையின் பிடிவாதத்தைச் சின்ன வயதிலேயே முறிக்க வேண்டும், ஒரு வயதிலேயே பிரம்புக்குப் பயந்து சத்தமின்றி அழப் பழக வேண்டும் என்று அவர் நம்பினார். அந்தக் காலத்தின் கண்டிப்பு அது. இன்று யாரும் அதைக் கையில் எடுக்கத் தேவையில்லை.

ஆனால் அதே தாய் வகுத்த வேறு சில விதிகள் இன்றும் பொன்னானவை. தவறை ஒப்புக்கொண்டு திருந்துவதாகச் சொல்லும் பிள்ளைக்கு அடி கிடையாது. ஒரே தவறுக்கு இரண்டு முறை திட்டக் கூடாது. சொல்பேச்சுக் கேட்டால் பாராட்ட வேண்டும். அம்மாவைச் சந்தோஷப்படுத்த நினைத்து ஒரு வேலையைக் குழந்தை அரைகுறையாகச் செய்தாலும், அந்த மனசை ஏற்றுக்கொண்டு, எப்படிச் சரியாகச் செய்வது என்று இனிமையாகச் சொல்லித்தர வேண்டும். வீட்டுக்கு உதவுகிறேன் என்று வாளித் தண்ணீரைக் கூடமெல்லாம் கொட்டிய பிள்ளையிடம் நாம் எப்படிப் பேசுகிறோம் என்பதை இதோடு வைத்துப் பார்க்கலாம்.

கவனம் கொடுத்து வளர்த்தால் எல்லாம் நல்லபடி முடியும் என்ற உத்தரவாதமும் இல்லை. செவ்வாய்க்கிழமைப் பெண் ஹெட்டி, வீட்டிலேயே மிகுந்த புத்திசாலி. அவள் இளமையில் தவறியபோது அப்பா மன்னிக்க மறுத்தார். மனம் ஒவ்வாத திருமணத்தில் அவள் வாழ்க்கை கசந்தது. வளர்ந்த பிள்ளை தடுமாறி நிற்கும்போதும், "இங்க பாரேன்" என்றுதான் அந்த மனசு கூப்பிடுகிறது.

இயேசு பார்த்த விதம்

மாற்கு நற்செய்தி பத்தாம் அதிகாரத்தில் ஒரு காட்சி. குழந்தைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீடர்கள் அதட்டுகிறார்கள். பெரியவருக்கு எத்தனையோ வேலை இருக்க, குழந்தைகளோடு என்ன பேச்சு என்ற எண்ணம். இயேசுவோ சீடர்கள்மேல் கோபப்படுகிறார். குழந்தைகளைத் தூரத்தில் நிறுத்தி ஆசி சொல்லி அனுப்பவில்லை. அணைத்துக்கொண்டு, கைகளை அவர்கள்மேல் வைத்து ஆசீர்வதிக்கிறார்.

அதே நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், யவீருவின் பன்னிரண்டு வயது மகளை உயிரோடு எழுப்புகிறார். எல்லோரும் பிரமித்து நிற்க, அவருக்கு மட்டும் அந்தப் பிள்ளையின் பசி நினைவுக்கு வருகிறது. அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்கிறார். பிள்ளைகள் மனம் சோர்ந்துபோகும்படி அவர்களை எரிச்சலூட்ட வேண்டாம் என்று கொலோசெயருக்கு எழுதிய நிருபம் தகப்பன்மாருக்குத்தான் சொல்கிறது. பொறுமை அம்மாவின் பொறுப்பு மட்டும் அல்ல.

நம் வீட்டில் ஒரு வியாழக்கிழமை

இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஆளுக்கொரு நாள் ஒதுக்குவது கடினம் அல்ல. பதினைந்து நிமிடம் போதும். செல்போன் அடுத்த அறையில் இருக்கட்டும். குழந்தையின் கண்மட்டத்துக்கு இறங்கி, தரையில் உட்கார்ந்தால் நல்லது. என்ன பேசுவது என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும். மார்க்கும் ஹோம்வொர்க்கும் அந்த நேரத்தில் வேண்டாம். ஒரே டைனோசர் கதையை ஐந்தாவது முறை சொன்னாலும் கேட்கலாம்.

அழுகையை நிறுத்த வீடியோ போட்டுக் கொடுப்பது சுலபம்தான். ஆனால் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அறிவுறுத்தியது.

பொறுமை இழந்து கத்திவிட்ட நாளும் வரும். அன்றைக்குத் தூங்கும் முன், "அப்பா கத்தினது தப்பு, மன்னிச்சுக்கோடா" என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் தலையில் கை வைத்து இரண்டு வரி ஜெபம் செய்யலாம். மன்னிப்பு கேட்கவும் மன்னிக்கவும் குழந்தை அங்கேதான் கற்றுக்கொள்கிறது.

வேலை முடிந்து அம்மா ஏழரை மணிக்குத்தான் வருகிறார் என்றால், அந்தப் பதினைந்து நிமிடம் சப்பாத்தி தேய்க்கும்போதும் அமையலாம். பக்கத்தில் ஒரு சின்ன மாவு உருண்டையோடு பிள்ளையும் உட்காரட்டும். "அம்மா, இங்க பாரேன்" என்னும்போது கட்டையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் போதும். சப்பாத்தி கொஞ்சம் தாமதமாக வெந்தாலும் பரவாயில்லை.