பிரிக்கப்படாத கடிதங்கள்

லண்டன், விம்போல் தெரு, 50ஆம் எண் வீடு. வளர்ந்த பிள்ளைகள் நிறைந்த அந்த வீட்டில் கல்யாணப் பேச்சே எழக்கூடாது, அப்பா உத்தரவு. மூத்த மகள் எலிசபெத் பாரட் நாடறிந்த கவிஞர். ஆனால் நோயாளி. சோபாவே கதியென்று மாடி அறையில் கிடக்கிறார். துணைக்கு ஃப்ளஷ் என்ற நாய். 1934இல் எம்.ஜி.எம். வெளியிட்ட 'தி பாரட்ஸ் ஆஃப் விம்போல் ஸ்ட்ரீட்' படத்தின் களம் இதுதான்.

தந்தையாக சார்லஸ் லாட்டன். மகளாக வரும் நார்மா ஷியரரைவிட அவருக்கு மூன்றே வயது கூடுதல். காதலர் ராபர்ட் பிரவுனிங்காக வரும் ஃபிரெட்ரிக் மார்ச்சோ லாட்டனைவிட மூத்தவர். படம் பார்க்கையில் இதெல்லாம் நினைவுக்கே வராது. எலிசபெத்துக்குப் பிடிக்காத போர்ட்டர் என்ற கறுப்பு பீரைத் தந்தை குடிக்கவைக்கும் காட்சி ஒன்று போதும். கட்டாயமில்லை, என்மீது அன்பிருந்தால் குடி என்கிறார். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. பாசத்தையே விலங்காக மாட்டும் தகப்பனை இத்தனை நெருக்கத்தில் காட்டிய படங்கள் குறைவு.

கதை பெரும்பாலும் நடந்ததுதான். 1845 ஜனவரியில், எலிசபெத்தின் கவிதைகளைப் புகழ்ந்து பிரவுனிங் எழுதிய முதல் கடிதத்திலேயே அன்பையும் சொல்லிவிட்டார். அவர் ஆறு வயது இளையவர். இருபது மாதங்களில் இருவருக்குமிடையே 570க்கும் மேற்பட்ட கடிதங்கள். 1846 செப்டம்பர் 12 அன்று மேரிலபோன் தேவாலயத்தில் ரகசியத் திருமணம். அன்றே எலிசபெத் வீடு திரும்பினார், மோதிரத்தைக் கழற்றிவிட்டு. ஒரு வாரம் அதே கூரையின் கீழ் ஏதும் நடவாததுபோல் இருந்தார். பிறகு கணவர், பணிப்பெண், ஃப்ளஷ் சகிதம் இத்தாலிக்குப் புறப்பட்டார்.

படம் இருவரும் சேர்வதோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் நடந்ததுதான் நெஞ்சை அறுக்கிறது. மன்னிப்புக் கேட்டு மகள் எழுதிய கடிதங்களையெல்லாம் தந்தை 1851இல் மொத்தமாகத் திருப்பி அனுப்பினார். ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. சிலவற்றில் துக்கத்தைக் குறிக்கும் கறுப்பு முத்திரை இருந்தது. பேரக்குழந்தைக்கு ஏதேனும் ஆகிவிட்டதோ என்றுகூட அவர் பிரித்துப் பார்க்கவில்லை. லாட்டனின் உருட்டும் விழிகளைவிட இந்த மௌனம் கொடியது.

பன்னிரண்டு பிள்ளைகளில் தந்தை உயிரோடிருந்தபோது மணந்தவர்கள் மூவர். மூவரையும் அவர் ஒதுக்கிவைத்தார். 1857இல் இறக்கும்வரை மனம் இறங்கவேயில்லை.