அச்செழுத்தின் அமைப்பும் பயனும்

செம்மையான பாதையில் நடப்பவன் தன் காலை மறந்து, போகும் ஊரையே நினைக்கிறான். அதுபோல, செம்மையான அச்செழுத்தில் வாசிப்பவன் எழுத்தை மறந்து பொருளையே நினைக்கிறான். எழுத்து கண்ணை இடறும்போதுதான் அதன் வடிவம் நம் நினைவுக்கு வருகிறது.

ஆங்கில நூல்களின் எழுத்துக்களை உற்று நோக்கினால், கோடுகளின் முனைகளிலே சிறு குறுக்குக் கீற்றுகள் இருப்பதைக் காணலாம். இவற்றைச் ‘செரிப்’ என்பர். உரோமர் கல்லிற் பொறித்த எழுத்துக்களிலேயே இவை உண்டு; கி.பி. 113ஆம் ஆண்டில் எழுந்த திராயன் தூணின் கல்வெட்டு இதற்குச் சிறந்த சான்று. இம்மரபைத் தழுவி இலண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழுக்காக அமைக்கப்பட்ட எழுத்து 1932இல் வழக்கிற்கு வந்து, பின்னர் உலகெங்கும் பரவியது. இக்கீற்றுகள் எழுத்துக்களை ஒரே வரியில் அணிவகுத்து நிறுத்துவன போலத் தோன்றுவதால், நெடிய நூல்களுக்கு இவ்வகை எழுத்தையே அச்சிடுவோர் நெடுங்காலம் விரும்பினர்.

தமிழெழுத்தின் பிறப்பு வேறு. ஏட்டுச்சுவடியில் எழுத்தாணி கீறிய கோடு ஒரே பருமனுடையது. ஓலை கிழியாதிருக்க வேண்டுமாதலின் வளைவுகள் மிகுந்தன. புள்ளிகள் பெரும்பாலும் விடப்பட்டன. எகரமும் ஏகாரமும் ஒகரமும் ஓகாரமும் தம்முள் மயங்கின. வீரமாமுனிவர் (1680-1747) நெடிலுக்குத் தனி வடிவம் வகுத்து இம்மயக்கத்தை நீக்கினார். அச்சு வந்தபின் புள்ளியும் நிலைபெற்றது. தமிழ் நூலெழுத்துக்கு உரோம எழுத்தின் முனைக்கீற்று இயல்பன்று. ஒரே எழுத்துக்குள் சில பகுதி தடித்தும் சில பகுதி மெலிந்தும் வருவதே அதன் மரபான அழகு.

1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறு பக்கங்களே கொண்ட சிறு நூல். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் என்னும் பெருமை அதற்குண்டு. தரங்கம்பாடியிற் பணியாற்றிய சீகன்பால்குக்கு ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழெழுத்துக்கள் 1713இல் வந்து சேர்ந்தன. அவை அளவிற் பெரியவை. தாளை மிகுதியாய் விழுங்கின. தாளோ அரிதாய்க் கிடைத்த பொருள். ஆகவே சிறிய எழுத்துக்களை அங்கேயே வார்க்க நேர்ந்தது. 1715இல் புதிய ஏற்பாடு முற்றுப்பெற்றது. எழுத்தின் உருவை அழகுணர்ச்சியோடு தாளின் விலையும் வரையறுக்கிறது என்பதற்கு இது தக்க சான்று.

இலங்கையில் ஒல்லாந்தர் 1737இல் கொழும்பில் அச்சுக்கூடத்தை இயக்கினர். பிலிப்பு தெ மெல்லோ மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1759இல் அங்கு அச்சாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் செழித்தது. அச்சக வல்லுநர் ஹன்ட் என்பார் சென்னையில் தெளிவான சிறிய தமிழெழுத்துக்களை உருவாக்கினார். 1862இல் அவர் அச்சிட்ட வின்சுலோ அகராதி அறுபத்தேழாயிரம் சொற்களுக்கு மேல் ஒரே தொகுதியில் அடக்கியது. எழுத்து சிறுத்தும் தெளிவு குன்றாமையாலன்றோ இது கைகூடிற்று!

தமிழெழுத்து வார்ப்பவனின் இடர்ப்பாடு பெரிது. ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்துக்களின் இருவகை வடிவங்கள் போதும். தமிழிலோ ஆய்தத்தோடு 247 எழுத்துக்கள். கால், கொம்பு முதலிய குறிகளைத் தனியே வார்த்துச் சேர்க்கலாமெனினும், கு, கூ, டு, டூ போன்றவற்றுக்குத் தனித்தனி அச்சு வேண்டும். இச்சுமையைக் குறைக்கப் பெரியார் 1935 முதல் தம் இதழில் சீர்திருத்த வடிவங்களைக் கையாண்டார். தமிழ்நாட்டரசு 1978இல் அவற்றுட் சிலவற்றை ஏற்றது. ணா, றா, னா, ணை, லை முதலிய பதின்மூன்று எழுத்துக்களின் வடிவம் மாறியது.

இவையனைத்தும் அச்சகத்தார்க்கு மட்டும் உரிய செய்திகள் என எண்ணுதல் தவறு. லிந்துலை, தலவாக்கலை, அட்டன் பகுதிகளின் தோட்டங்களில், பாடநூலையன்றி வேறு நூல் காணாத வீடுகள் பல இருந்தன. லயத்தின் மங்கிய விளக்கொளியில் எழுத்துக்கூட்டி வாசித்த பெற்றோர்க்கு ஒரு புள்ளியும் ஒரு கொம்பும் பெரும்பொருள். ‘ஏழு நாளுக்குள்’ என்னும் அறிவித்தலில் ஏகாரத்தின் கீழ்க்கோடு தேய்ந்தால், அது ‘எழு’ என்று நிற்கும். பழகிய வாசகர் ஊகித்துக்கொள்வர். புதிதாய்க் கற்றவரோ திகைத்து நிற்பர். கொம்பின் சுழி மையால் அடைபட்டால் ‘கோடை’ ‘கொடை’யாகிவிடும். சம்பளம், விடுமுறை, விண்ணப்பம் பற்றிய தாள்களில் இத்தகைய மயக்கம் ஓர் ஏழையின் உரிமையையே பறிக்கக்கூடும்.

இன்று ஈய எழுத்து மறைந்து கணினி எழுத்து வந்துவிட்டது. எனினும் பழைய நெறி மாறவில்லை. நெடிய வாசிப்புக்குத் தடிப்பும் மெலிவும் அளவோடு அமைந்த மரபெழுத்து ஏற்றது. தலைப்புக்கும் பெயர்ப்பலகைக்கும் ஒரே பருமனுள்ள எழுத்துப் பொருந்தும். சிறுவர்க்கும் முதியோர்க்கும் எழுத்துப் பெரிதாகவும் வரியிடைவெளி தாராளமாகவும் இருத்தல் வேண்டும். கோயில் திருவிழா அழைப்பிதழாயினும், சங்கத்தின் துண்டுப் பிரசுரமாயினும், அச்சிடுமுன் வாசிக்கப் பழகிவரும் ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் செய்வது நன்று. அவர் தடையின்றி வாசித்தாராயின் அவ்வெழுத்து தன் கடமையைச் செய்ததாகும்.